பல்லி இறங்கிப் போன ஸ்பீக்கர்

எங்கள் நாலுமுக்குப்பட்டியில் நாற்பத்திரண்டு லேபிள் அச்சகங்கள் இருக்கின்றன, ஒரு காளியம்மன் கோவில் இருக்கிறது, ஒரு தியேட்டர் இருந்தது. சோடா பாட்டிலுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் ஊதுபத்திப் பெட்டிக்கும் தலைவலித் தைலத்துக்கும் நாங்கள் அடிக்கிற லேபிள்தான் முகம் என்பதால், எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் பொருளைப் பார்க்காமல் லேபிளைப் பார்ப்பதும், அந்த லேபிளையும் படிக்காமல் நிறம் நிறத்தின் மேல் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். அப்படிப்பட்ட ஊரில்தான், வைகாசி மாதத்து ஒரு புதன்கிழமை காலை, ராஜகனி அண்ணாச்சி வாங்கி வைத்திருந்த மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரின் நெற்றியிலிருந்து தங்கப் பல்லி இறங்கிப் போய்விட்டது.

காபி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி வேலம்மாதான் முதலில் பார்த்தாள். புதுச் சாமான் எதற்கும் மேலே ஒட்டி வருகிற கண்ணாடித் தாளை நாங்கள் உரிப்பதில்லை. அது தானாகப் பழுத்து, தானாகக் கிழிந்து, தானாக உதிர வேண்டும். அந்தத் தாளின் ஒரு மூலையை மூக்கால் நெம்பிக்கொண்டு வெளியே வந்த பல்லி, டிவி ஸ்டாண்டைத் தாண்டி, சுவர் ஏறி, தினசரிக் காலண்டரின் மேல் நின்று தேதி பார்த்துவிட்டு, வென்டிலேட்டர் வழியாகத் தெருவுக்குப் போனது.

"ஏங்க, உங்க பல்லி போகுது" என்றாள் வேலம்மா.

"எங்க போகுது?"

"எங்கிட்டச் சொல்லிக்கிட்டா போகுது?"

பத்து மணிக்குள் தெருவே அவர் வீட்டில் கூடிவிட்டது. பல்லி எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன கோந்து போட்டு ஒட்டியிருந்தான் என்றுதான் கேட்டார்கள். அலுமினியத்தின் மேல் வார்னிஷ் இருந்தால் கோந்து பிடிக்காது என்றார் ஒருவர். வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தைப் பற்றி என்ன தெரியும், அவன் குளிருக்கு ஒட்டியிருப்பான் என்றார் இன்னொருவர். நம் ஊரில் ஒட்டிய லேபிள் பாட்டில் உடைந்தாலும் உரிவதில்லை என்பதை எல்லோரும் ஒரு தடவை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஆவுடைத்தாய் வந்தாள். ஊரிலேயே கூர்மையான கண் அவளுக்கு. ராஜகனியின் அச்சகத்தில் லேபிள் சரிபார்க்கிறவள். லட்சம் லேபிளில் ஒன்று பிசகினாலும் லென்ஸ் வைத்துப் பிடித்துவிடுவாள், வாய் அந்த லென்ஸைவிடக் கூர்மை.

"கோந்து மேல குத்தமில்ல அண்ணாச்சி" என்றாள். "இந்தத் தாளை உரிக்காம மூடி வச்சிருந்தீகள்ல, அதுக்கு மூச்சு முட்டியிருக்கும். நானா இருந்தா ரெண்டாம் நாளே எறங்கிப் போயிருப்பேன்."

சிரித்தார்கள். ராஜகனி சிரிக்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு ஸ்பீக்கரின் வெறும் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

அவர் ஏன் அப்படித் தடவினார் என்று சொல்ல வேண்டும். ராஜகனிக்கு ஒரே தங்கை, ஜெயக்கொடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளைச் சாத்தூர்ப் பக்கம் வசதியான வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கோவில் டியூப்லைட்டில் உபயம், உபயம் என்று எழுதி எழுதி வெளிச்சம் வர இடமில்லாமல் போகுமே, அந்த மாதிரி வீடு அது. அவளுடைய மாமியார் முத்துப்பேச்சி அம்மாளுக்கு வீட்டில் இருக்கிற எந்தச் சாமானையும் அதன் பெயரால் சொல்ல வராது. ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்ல வேண்டுமானால் "மூத்தவ அப்பா கொடுத்ததைத் தொற" என்பாள், டிவியை அணைக்க வேண்டுமானால் "சின்னவ அண்ணன் கொடுத்ததை அமத்து" என்பாள், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், சுவரில் மாட்டிய ஏசி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சம்பந்தி பெயர் உண்டு. நடு மருமகளான ஜெயக்கொடியின் பிறந்த வீட்டுப் பெயரில் அந்த வீட்டில் ஓடுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. இப்போது ஜெயக்கொடியின் மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள், தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும், தாய்மாமன் ராஜகனி.

"ஒண்ணும் பெருசா வேண்டாம்ணே, பேருக்கு ஏதாச்சும் கொண்டு வா, போதும்" என்று ஜெயக்கொடி போனில் சொன்னாள். தங்கை வேண்டாம் என்று சொன்னால் அதில் எத்தனை வேண்டும் இருக்கிறது என்று அண்ணன் கணக்குப் போட்டார். எங்கள் பக்கத்து அண்ணன்மார் எல்லோரும் அந்தக் கணக்கில் தப்பு விடுகிறவர்கள்தான். அவரிடம் ஒரு பழைய ஆஃப்செட் மெஷின் இருக்கிறது. அதில் எதை அடித்தாலும் மஞ்சள் நிறம் மட்டும் ஒரு மயிரிழை இடப்பக்கம் விலகி உட்காரும். ஊரில் அதற்கு இடதுகை மெஷின் என்று பெயர். ஃப்ரிட்ஜ், டிவி, ஸ்பீக்கர் போன்ற சாமான்களின் முதுகில் கரண்ட் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று போட்டு, மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் படம் வரைந்த சின்ன லேபிள் ஒட்டியிருக்குமே, அதை ஏஜென்ட் மூலமாக லட்சக்கணக்கில் இருபது வருஷமாக அந்த மெஷினில்தான் அடித்துக்கொண்டிருக்கிறார். யாரும் குனிந்து பார்க்காத லேபிள் என்பதால் மஞ்சள் விலகுவதை யாரும் கேட்டதில்லை. அதைத் தள்ளிவிட்டுப் புது மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய், செருப்பும் கைப்பையும் செய்து பேர் வாங்கிய ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதிதாகப் போட்டிருந்த ஸ்பீக்கரை வாங்கி வந்தார். அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதால் கடைசியில் பல்லிக் கம்பெனி என்றே எல்லோரும் வைத்துக்கொண்டோம். கன்றுக்குட்டித் தோலில் கைப்பிடி, வெல்வெட் உறை, நெற்றியில் தங்கப் பல்லி.

பல்லி போன பிறகு ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தார்கள். பாடியது. நன்றாகத்தான் பாடியது. ஆனால் பஜாரில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிற ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, தோல் கைப்பிடியை விட்டால் அதுவும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. காதுகுத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதற்குள் பல்லி திரும்பி வராவிட்டால், முத்துப்பேச்சி அம்மாள் பந்தலில் வைத்து ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வையை மிச்ச வாழ்நாள் முழுக்க ஜெயக்கொடி அந்த வீட்டில் சுமக்க வேண்டும். ராஜகனிக்குப் பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, இதுதான் பெரிதாகத் தெரிந்தது.

பல்லியோ எங்கள் ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்தது. முதல் நாள் மாயாண்டி சோடாக் கடையின் மேஜை ஃபேனில் போய் உட்கார்ந்தது. மாயாண்டி அந்த ஃபேனை வாங்கிய நாளிலிருந்து துடைத்ததில்லை. இப்படி ஒரு விருந்தாளி வந்திருக்கும்போது அழுக்கோடு இருந்தால் நன்றாயிருக்காது என்று இறக்கையைக் கழற்றிக் கழுவி, இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுத் திருப்பி மாட்டினார். அதற்குப் பிறகு அடித்த காற்றில் குற்றாலச் சாரல் இருந்தது என்று சோடா குடித்த ஐம்பத்தாறு பேரும் சத்தியம் செய்தார்கள். அன்று சாயங்காலம் ஒருவர் அந்த ஃபேனை முப்பதாயிரத்துக்குக் கேட்டார். மாயாண்டி ஒரு லட்சத்துக்குக் குறைந்து பேசாதே என்றார். மறுநாள் காலை பல்லி எழுந்து போன பிறகு, ஓட்டை ஃபேனை வைத்துக்கொண்டு என்ன பேச்சு பேசினோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சோடா குடித்தார்கள்.

அடுத்து மாவு அரைத்து விற்கிற வீட்டின் கிரைண்டரில் ஏறியது, அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க இட்லி பூவாக இருந்தது. கோழிக்கடைத் தராசில் ஏறியது, கடைக்காரர் கல்லைத் தேய்த்துக் கழுவி, முள்ளைச் சரிபார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பது கிராம் கூடப் போட்டார். காளியம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கரில் ஏறிய நாளில் பூசாரி தட்டோடு வெளியே வந்து, "காஞ்சீபுரத்துல தங்கப் பல்லியத் தொட வரிசையில நிக்கணும், இங்க பல்லி தானா வந்து நிக்கிது, ஆத்தா மகிமை" என்றார். மாயாண்டி பஞ்சாங்கத்தை எடுத்து வந்து பல்லி விழும் பலன் பக்கத்தைப் புரட்டினார். வலது தோள், இடது தோள், உச்சந்தலை, உள்ளங்கால் என்று எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருந்தது, கிரைண்டரில் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் போடவில்லை.

அது துடைத்து வைத்த சாமானில்தான் தங்குகிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு ஊர் ஒரு தினுசாக மாறிவிட்டது. பாலித்தீன் உறைக்குள் பத்து வருஷம் கிடந்த ரிமோட்டுகள் வெளியே வந்தன. அவற்றில் நம்பர் எழுதியிருந்ததை அந்தந்த வீட்டுக்காரர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். டிவியின் முகத்தில் ஒட்டிய தாள் உரிந்தது, நடிகைகளுக்கெல்லாம் நிறம் கூடியது. ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைச் சீயக்காய் போட்டுக் கழுவினார்கள், அது இருமலை நிறுத்தியது. மிக்ஸி சத்தம் போடாமல் அரைத்தது. பல்லி வராத வீட்டிலும் சாமான்கள் பல்லி வந்த வீட்டுச் சாமான் மாதிரியே வேலை செய்தன. ரிப்பேர்க் கடைக்காரர் மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ராஜகனி ஒரு டம்ளரும் அட்டையுமாகப் பல்லியின் பின்னால் அலைந்தார். ஊருக்கு அவர் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் ஒரு நாள் வேண்டியிருந்தது. "சீர் ஞாயித்துக்கெழமதான அண்ணாச்சி? வெள்ளிக்கெழம பிடிச்சுக்கோங்க, மக்க வந்து பாக்கட்டும்" என்றார்கள். வியாழக்கிழமை சலூன் கண்ணாடியில் வைத்து அவர் அதை அமுக்கியேவிட்டார். கையைத் திறந்து பார்த்தபோது வால் மட்டும் இருந்தது, தங்க ஃபாயில் சுருள் போலத் துள்ளியது, துள்ளி அடங்கிப் பொடியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டே நாளில் பல்லிக்குப் புது வால் முளைத்தது. அது எல்லா வீட்டுப் பல்லிக்கும் இருக்கிற சாம்பல் வால்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆவுடைத்தாய் லென்ஸை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாள். பல்லி எந்த இடத்தில் பசை விட்டது என்று பார்க்கத்தான் வந்தாள். நெற்றியைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அடியில் இருந்த சின்ன வெள்ளை லேபிளின் மேல் லென்ஸை வைத்தவள் கொஞ்ச நேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு ஒன்றும் பேசாமல் லென்ஸை ராஜகனியிடம் நீட்டினாள். அவளைப் பேசாமல் பார்ப்பது எங்கள் ஊரில் அபூர்வம் என்பதால் அவர் பயந்துகொண்டே வாங்கிப் பார்த்தார்.

முக்கோணத்தின் கறுப்புக் கோட்டைத் தாண்டி மஞ்சள் ஒரு மயிரிழை இடப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம மெஷினு" என்றார் ராஜகனி.

"நம்ம மெஷினேதான். போன ஆடியில அடிச்சது, நான்தான் பாத்து அனுப்பினேன். பஜார் ஸ்பீக்கருக்கும் இதே லேபிள்தான் அண்ணாச்சி, ஒரே கட்டுல போச்சு. ரெண்டும் ஒரே கொட்டகையில செஞ்சதா இருக்கும்." ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பன்னெண்டு பைசாவுக்கு நீங்க வித்ததை, நீங்களே மூணு லட்சத்து எம்பதாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கீக. இப்படி ஒரு யாவாரி நம்ம ஜில்லாவுலயே கெடையாது."

வேலம்மாவும் சிரித்தாள். ராஜகனியும் சிரிக்கப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரை நிமிர்த்தி வைத்தார். "அப்ப நான் வாங்கினது பல்லிய மட்டும்தான்" என்றார். "அதுவும் போச்சு."

அவர் முகத்தைப் பார்த்த ஊருக்கு மனசு தாங்கவில்லை. சனிக்கிழமை காலை அவருக்குத் தெரியாமல் நான்கு அச்சகக்காரர்கள் சேர்ந்து, போட்டோவைப் பார்த்துப் பல்லியை வரைந்து, பிளேட் போட்டு, தங்க ஃபாயிலைச் சூட்டில் அமுக்கி, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிற மாதிரி புடைக்க வைத்து, உண்மைப் பல்லி பார்த்தால் மாமா மச்சான் என்று கூப்பிடும் அளவுக்கு ஒரு பல்லி அடித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பல்லி என்றா சொன்னேன்? ஆயிரம் பல்லி. எங்கள் ஊரில் எதையும் ஆயிரத்துக்குக் குறைந்து அடிப்பதில்லை, மெஷினைக் கழுவி மை ஊற்றினால் கட்டுப்படியாகாது. காளியம்மனுக்கு முன்னால் சூடம் அணைத்து, ஆர்டர் இல்லாமல் அடுத்தவன் லேபிளை அடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்த ஊர் இது; அதற்கும் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள்.

"கேட்டா, பல்லியே வந்து ஆர்டர் கொடுத்துச்சுன்னு சொல்லுவோம் அண்ணாச்சி. ஊருக்குள்ளதான சுத்துது."

ராஜகனி ஒரு பல்லியை உரித்துக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரின் நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டு போனார். லென்ஸ் வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முத்துப்பேச்சி அம்மாள் மட்டுமல்ல, பல்லிக் கம்பெனி முதலாளியே வந்து பார்த்தாலும் கும்பிட்டுவிட்டுப் போவார். அவர் கை அங்கேயே நின்றது, பிறகு கீழே வந்தது.

"வேண்டாம்ப்பா" என்றார். "அதுவா எறங்கிப் போனது வேற, நானா ஒட்டுறது வேற. ஜெயக்கொடிகிட்ட நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. தலை குனிஞ்சு போனாலும் போறேன், இதைக் கொண்டுபோய் அவ மடியில வைக்க எனக்கு மனசு வரல."

யாருக்கும் கோபம் வரவில்லை. ஆயிரம் பல்லியையும் கட்டிங் மெஷினில் கொடுத்து நூல் நூலாக வெட்டினார்கள். வைக்கோல் போல ஒரு கூடை தங்கத் துருவல் விழுந்தது. வளையல் தட்டிலும் பழத் தட்டிலும் அதைப் பரப்பி, ஸ்பீக்கருக்கும் அதிலேயே மெத்தை போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு தட்டு, இரண்டு வாழைத்தார், ஒரு கிடா, நையாண்டி மேளம் என்று சீர் கிளம்பியது. எங்கள் ஊர் பாதி அதன் பின்னால் போனது. வெயிலில் தங்கத் துருவல் பளபளத்ததைப் பார்த்துச் சாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். ராஜகனி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி முன்னால் நடந்தார்.

வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். சீர்த் தட்டுகளை ஜமுக்காளத்தில் இறக்கினதும் மைக் செட்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். ராஜகனியை மணையில் உட்கார வைத்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மருமகளை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்துத் தயாராக உட்கார்ந்தார். பிள்ளை அவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கியது.

"அடுத்து, தாய்மாமன் கொண்டுவந்த வெளிநாட்டுப் பல்லி ஸ்பீக்கர்!" என்றார் மைக்காரர்.

பட்டுப்புடவை சரசரக்க முத்துப்பேச்சி அம்மாள் வந்தாள். ஸ்பீக்கரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "தம்பி, பல்லி எங்க?"

மேளம்கூட நின்றுவிட்டது. ராஜகனி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததால் எழுந்து ஓடவும் வழியில்லை. "போயிருச்சு அத்தை" என்றார். "பதினோரு நாளாச்சு. பிடிக்கப் பாத்தேன், வால்தான் கெடச்சது."

"போறது போகத்தான் செய்யும்" என்றாள் அவள், பல்லி போனதில் அவளுக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "அப்ப இது பஜார்ல விக்கிதே, அந்த ஸ்பீக்கர்தான?"

"அதேதான் அத்தை. ரெண்டுக்கும் அடியில ஒரே லேபிள். அதுவும் நான் அடிச்சது."

சின்ன மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்போது அடுப்படியில் இருந்து ஜெயக்கொடி வந்தாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஸ்பீக்கரைத் தூக்கிக் கவிழ்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அந்த இடதுகை மெஷினுக்குத் தாள் கொடுத்தவள் அவள்; அவளுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பானது.

"எண்ணே, மஞ்சளு இன்னும் எடப்பக்கம்தான் போகுதா?"

"போகுது தாயி."

ஜெயக்கொடி அந்த மூன்று லட்சத்து எண்பதாயிரத்தைத் தங்கத் துருவலின் மேல் தலைகீழாக, லேபிள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தாள். "அத்தை, வாங்க" என்று மாமியாரின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனாள். ஜன்னல் வழியாகப் பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவளின் அப்பா கொடுத்த ஃப்ரிட்ஜை நகர்த்தி, "பின்னால பாருங்க" என்றாள். மின்னல் முக்கோணம், இடப்பக்கம் விலகிய மஞ்சள். சின்னவளின் அண்ணன் கொடுத்த டிவியைத் திருப்பினாள், விலகிய மஞ்சள். மிக்ஸியைக் கவிழ்த்தாள், வாஷிங் மெஷினின் முதுகைக் காட்டினாள், ஸ்டூல் போட்டு ஏசியைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அதே மஞ்சள் அதே பக்கம் போயிருந்தது.

"ஏழு வருசமா இதையெல்லாம் நான்தான தொடைக்கேன் அத்தை. பின்பக்கம் தொடைக்கயில ஒரு நிமிசம் கைய வச்சுட்டு நிப்பேன். எங்க அண்ணன் இல்லாத சாமான் இந்த வீட்டுல ஒண்ணுகூடக் கெடையாது. அதான் எதுவும் வேண்டாம்னு சொன்னேன், இந்த மனுசன் கேட்டாத்தான?"

மைக்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கீழே பார்த்துவிட்டு, "இதுலயும் இருக்கு!" என்று மைக்கிலேயே கத்தினார். அவ்வளவுதான், பந்தலில் இருந்த ஜனம் முழுவதும் செல்போன் சார்ஜரையும் ஸ்டாண்ட் ஃபேனையும் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தது. முத்துப்பேச்சி அம்மாள் ஃப்ரிட்ஜின் முதுகில் விலகியிருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, "ராஜகனி கொடுத்ததை நடு ஹால்ல கொண்டு வைங்க" என்றாள். ஏழு வருஷத்தில் அந்தப் பெயர் அந்த வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ராஜகனி அழுதார், வெட்கப்படாமல் அழுதார்.

எல்லோரும் எதையாவது கவிழ்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பந்தல் காலில் பல்லி இறங்கி வந்தது. எப்படி வந்தது, வாழைத்தாரில் ஏறி வந்ததா என்றெல்லாம் நாங்கள் விசாரிக்கவில்லை. உடம்பு தங்கம், வால் சாம்பல். பாயச அண்டாவுக்கு ஒரு சாண் மேலே நின்று தலையை ஆட்டியது. ராஜகனி மடியில் இருந்த பிள்ளை பிதுக்கிய உதட்டை மறந்து, "பல்லி" என்று விரலை நீட்டிக் கொட்டக் கொட்டப் பார்த்தது. ஆசாரி தொழில் தெரிந்தவர். வலது காது ஒரு குத்து, இடது காது ஒரு குத்து. பிள்ளை பல்லியைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

வெளியே வந்த ஜெயக்கொடி பல்லியைப் பார்த்ததும் முந்தானையை உதறினாள். "ச்சூ! போ அங்கிட்டு! பாயசத்துல விழுந்து தொலைக்கப் போகுது" என்றாள். பல்லி போய்விட்டது.

அது இப்போது ராஜகனியின் அச்சகத்தில் டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது, பூச்சி பிடித்துத் தின்கிறது, மை பட்டுப் பட்டு முக்கால்வாசி சாம்பலாகிவிட்டது. இடதுகை மெஷின் இன்னும் ஓடுகிறது. புது மெஷினுக்குப் பணம் சேர்ந்தாலும் மஞ்சளைத் திருத்தக்கூடாது என்று தங்கையின் உத்தரவு. ஸ்பீக்கர் சாத்தூர்ப் பக்கத்து வீட்டு நடு ஹாலில் தலைகீழாக நின்று பாடுகிறது, ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எவ்வளவு நன்றாகப் பாட முடியுமோ அவ்வளவு நன்றாகப் பாடுகிறது. சோடாக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் மாயாண்டி விடாமல் கேட்பார்: "அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க. மூணு லட்சத்து எம்பதாயிரம். கொடுத்த காசுக்கு அந்தப் பல்லி என்ன செஞ்சது?"

ராஜகனி சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொல்வார்:

"எம் மருமக அழுகல."